ஐம்பத்திரண்டாவது லெவல் வழியாக

ஐடாவின் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அவர்கள் வீட்டில் கருவாடு வறுத்தால் நாங்கள் வெறும் ரசத்தை ஊற்றிக்கொண்டு சாப்பிட்டுவிடலாம், அவ்வளவு நெருக்கம். அப்படியிருக்க, ஐடாவின் வீட்டிலிருந்து ஹைஸ்கூல் மூன்று மைல் இரண்டு பர்லாங் என்றும், என் வீட்டிலிருந்து இரண்டு மைலுக்கு ஒரு பர்லாங் குறைவு என்றும் சர்க்கார் காகிதத்தில் எழுதி பாஸ் ஆபீஸ் பலகையில் ஒட்டியிருந்தது. அவளுக்கு பஸ் பாஸ் உண்டு. எனக்கு இல்லை.

இது நடந்தது அறுபத்து மூன்றில். எனக்குப் பதிமூன்று வயது. கோபம் மட்டும் முப்பது வயசுக்காரிக்கு உள்ளது. பலகைக்கு முன்னால் நின்று, "சுவரே ஒண்ணரை மைல் அகலமாடி?" என்று நான் கத்தியதில் பியூன் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

கோலார் தங்கவயலில் எங்கள் சாம்பியன் ரீப்ஸ் லைன் வீடுகளில் அந்த வருஷம் எல்லார் வாயிலும் இந்த பாஸ் பேச்சுதான். ஏழைப் பெண் பிள்ளைகள் ஹைஸ்கூலுக்கு பஸ்ஸில் இலவசமாகப் போய் வரலாம் என்று புதிதாக ஒரு திட்டம் வந்திருந்தது. நிபந்தனை இரண்டுதான். அப்பாவின் சம்பளம் ஓர் அளவுக்கு மேல் போகக் கூடாது. வீடு பள்ளிக்கூடத்திலிருந்து மூன்று மைலுக்கு மேல் இருக்க வேண்டும். முதல் நிபந்தனையில் எங்கள் லைன் முழுவதும் முதல் வகுப்பில் தேறியது. இரண்டாவதில்தான் நான் கோட்டை விட்டேன். நான் எங்கே விட்டேன், விட்டவர் என் அப்பா.

ரயில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருந்தது. அது ஷிப்டு நேரம் பார்த்து ஓடியதே தவிர, பள்ளிக்கூட மணியைப் பற்றி அது கவலைப்பட்டதே இல்லை. பள்ளிக்கூடமோ நந்திதுர்க் பக்கம். நடந்து போக வேண்டுமானால் சயனைடு மேடுகளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். தங்கம் எடுத்த பிறகு மிஞ்சும் சாம்பல் நிற மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாக்கி வைத்திருந்தார்கள், அதுதான் சயனைடு மேடு. அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் கிடையாது.

என் அம்மா தாயம்மா முன்பே தீர்ப்புச் சொல்லியிருந்தாள்.

"பஸ்ஸுன்னா போ. நடைன்னா வாணாம். வயசுக்கு வர்ற பொண்ண அந்த மேட்டச் சுத்திகினு தனியா நடந்து போவ உட்டுட்டு என்னால வயித்துல நெருப்பக் கட்டிகினு குந்தியிருக்க முடியாது. குடியாத்தத்துல அத்தை கூப்ட்டுகினே கீறா. அங்க போயி பீடி சுத்து."

ஆகக்கூடி விஷயம் இவ்வளவுதான்: பாஸ் வந்தால் ஹைஸ்கூல், வராவிட்டால் குடியாத்தம். பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள் இருந்தது.

நான் வீட்டுக்கு வந்தபோது அப்பா முதல் ஷிப்டு முடிந்து, குளித்து, களியும் கீரையுமாகத் தட்டின் முன் உட்கார்ந்திருந்தார். அப்பா பெயர் தாமோதரன். சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கும் டிம்பர்மேன். ரெஸ்க்யூ டீமிலும் இருந்தார். பூமிக்கடியில் எங்காவது புகையோ சரிவோ என்றால் மற்றவர்கள் மேலே ஓடி வருவார்கள், இவர்கள் கீழே போவார்கள்.

"நைனா, பாஸ் ஆபீஸ்லேர்ந்து ராஜப்பா சார் வந்தாரே, அவருகிட்ட நீ இன்னா சொன்னே?"

"கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

"இன்னா கேட்டாரு?"

"இங்கேர்ந்து நந்திதுர்க் எவ்ளோ தூரம்னு கேட்டாரு. ஒம்பதாயிரத்தித் தொள்ளாயிரம் அடின்னேன். மனுசன் ஆடிப் பூட்டாரு. இந்த லைன்லயே நீங்க ஒருத்தர்தான் இவ்ளோ கரெக்டா சொன்னீங்கன்னு கையக் குடுத்தாரு." அப்பா பெருமையாக ஒரு உருண்டை களியை விழுங்கினார்.

"அது எந்த வழியா நைனா?"

"எந்த வழியா இன்னா? ஐம்பத்திரெண்டாவது லெவல் வழியாதான்."

அம்மாவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஐடாவின் அப்பா ஏனோக் மாமா வெடித்துச் சிரிப்பது நன்றாகக் கேட்டது.

நான் சிரிக்கவில்லை. எப்படிச் சிரிப்பு வரும்? ஊரில் எல்லா அப்பாவும் சாலையில் தூரம் சொல்ல, என் அப்பா மட்டும் பூமிக்கு ஐயாயிரம் அடி கீழே இருக்கிற தூரத்தைச் சொல்லி வைத்திருக்கிறார். கீழே எங்கள் சுரங்கத்துக்கும் நந்திதுர்க் சுரங்கத்துக்கும் தொடர்பு உண்டு. ரெஸ்க்யூ பயிற்சியில் ஒரு தடவை முதுகில் ஆக்சிஜன் பெட்டியோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அடி எண்ணிக்கொண்டே நடந்திருக்கிறார். கீழே மேடு இல்லை, வேலி இல்லை, ரயில் பாதை இல்லை. நூல் பிடித்த மாதிரி நேர் வழி.

"நான் இன்னா கேஜ் கூண்டுல எறங்கி, லெவல்ல நடந்து, அந்தப் பக்கம் கேஜ்ல ஏறியா ஹைஸ்கூலுக்குப் போவேன்?"

"அவரு எந்த வழின்னு கேக்கலயே" என்றார் அப்பா. நிஜமாகவே அவருக்கு அது தப்பாகப் படவில்லை.

மறுநாள் ஷிப்டு முடிந்ததும் அவரை விடாப்பிடியாக பாஸ் ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனேன். ராஜப்பா சாருக்குக் கோலார் பக்கம் ஊர். வீட்டில் கன்னடம், ஆபீசில் கன்னடம், எங்களிடம் மட்டும் தமிழ். நல்ல மனிதர், ஆனால் சட்டத்தைக் கண்டால் நடுங்குகிற மனிதர். நான் மூச்சு விடாமல் விஷயத்தைச் சொன்னதும் அவர் இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அய்யோ ராமா! ஒரே செவுரு, ரெண்டு தூரமா? இதை நான் கவனிக்கவே இல்லியே!"

எனக்கு உயிர் வந்தது. வந்த உயிர் உடனே போய்விட்டது.

"பாரத்துல கீழ் வழி, மேல் வழின்னு ரெண்டு கிடையாது, அப்போ ரெண்டுல ஒண்ணு தப்பு. எது தப்புன்னு தெரியற வரைக்கும் அந்தப் பொண்ணு ஐடாவோட பாஸையும் நிறுத்தி வைக்கணும். ரூல்ஸ்மா, நான் என்ன செய்யறது?"

அன்று சாயங்காலத்திலிருந்து ஐடா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, எனக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாக மூக்கைச் சிந்தினாள். நியாயம்தான். என் கோபத்தை எடுத்துக்கொண்டு நான் ஆபீசுக்கு ஓடியதில், பத்திரமாக இருந்த அவள் பாஸும் போயிற்று.

இதைத் தீர்க்க ராஜப்பா சார் ஒரு சுலப வழி சொல்லியிருந்தார். "நான் முன்பு சொன்ன தூரம் தவறு" என்று அப்பா ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவ்வளவுதான். அப்பா நன்றாகக் கையெழுத்துப் போடுவார். ஆனால் மாட்டேன் என்றுவிட்டார்.

"ஒம்பதாயிரத்தித் தொள்ளாயிரம் அடி தப்புன்னா, நான் தப்பா எண்ணினேன்னு ஆவுது. நான் தப்பா எண்ணல."

ஏனோக் மாமா வந்து பேசிப் பார்த்தார். அவர் நந்திதுர்க் ஒர்க்‌ஷாப்பில் பூமிக்கு மேலே வேலை பார்ப்பவர். தினமும் அந்தச் சாலையில் சைக்கிளில் போய் வருவதால் தூரம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

"இன்னா தாமு, ஒரு வரிதானே? பசங்க ரெண்டும் அழுதுகினு கீதுங்க. எழுதிக் குடுத்துட்டுப் போயேம்பா."

"ஏனோக்கு, நீ மேல வேல செய்றவன். கீழ முப்பது பேரு நான் சொல்ற அடிய நம்பி மரத்துக்கு அடியில நிக்கிறான். 'தாமு அளவு'ன்னா ரெண்டாவது தபா எவனும் டேப்பு புடிக்கறதில்ல. நாளைக்கு எவனாச்சும், தாமுவே தன் அளவு தப்புன்னு சர்க்காருக்கு எழுதிக் குடுத்தான்னு சொன்னா, அந்த முப்பது பேரும் எந்த நம்பிக்கையில நிப்பான்?"

மாமா எழுந்து போனார். நான் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டேன். பதிமூன்று வயதில் எனக்கு அது வெறும் வறட்டுப் பிடிவாதமாகத்தான் தெரிந்தது. முப்பது பேருக்கு நிற்கிற அப்பா எனக்கு நிற்க மாட்டேன் என்கிறாரே என்று நினைத்து நினைத்து அழுதேன். அம்மா என் தகரப் பெட்டியைத் தூசி தட்டி வெளியே வைத்திருந்தாள். குடியாத்தத்துக்கு.

கடைசியில் ராஜப்பா சாரே இறங்கி வந்தார். சனிக்கிழமை சைக்கிளோடு வருவதாகவும், நேரில் அளந்துவிடலாம் என்றும் சொல்லியனுப்பினார். ஒரு நிபந்தனை: வழியைப் பெற்றோர்தான் காட்ட வேண்டும். அதுவும் ரூல்ஸ்.

சனிக்கிழமை வந்தார். முன் சக்கரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டியிருந்தார். துணி ஒரு சுற்று வந்தால் ஏழு அடி என்று கணக்கு. அப்பா சுரங்க பூட்ஸும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு கிளம்பினார். எங்கே போனாலும் வேலை என்றால் அவருக்கு அந்த வேஷம்தான். நான் பின்னால். எனக்குப் பத்தடி பின்னால் ஐடா. என்னோடு பேசாவிட்டாலும் தன் பாஸைக் காப்பாற்ற அவளும் வந்தாக வேண்டுமே.

எங்கள் வீட்டிலிருந்து, சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாப்ட் வரை அப்பா ராஜநடை போட்டார். பதினாறு வருஷமாக அவர் நடக்கிற வழி. ஷாப்டைத் தாண்டியதும் நின்றார். இடப் பக்கம் பார்த்தார், வலப் பக்கம் பார்த்தார். எனக்கு ஏதோ உறைத்தது. ஆனால் பெற்றோர்தான் வழி காட்ட வேண்டும் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

"வடக்கால நேராப் போனா நந்திதுர்க்தான் சார்" என்று சொல்லிவிட்டு அப்பா சாலையை விட்டு இறங்கினார். ஒரு முள்வேலி வந்தது. குனிந்து நுழைந்தார். சைக்கிளை வேலிக்கு மேலே தூக்கிக் கொடுத்துவிட்டு ராஜப்பா சாரும் நுழைந்தார், அவருடைய வேட்டியில் ஒரு முழம் வேலியிலேயே நின்றது. அப்புறம் சயனைடு மேடு வந்தது. அப்பா நிற்கவில்லை. கீழே இந்த இடத்தில் மேடு கிடையாதல்லவா? ஏற ஆரம்பித்தார்.

"தாமோதரன், இதுல சக்கரம் சுத்தல, புதையுது!" என்று சார் கத்தினார். சைக்கிள் ஓரடி ஏறினால் இரண்டடி சறுக்கியது. "சுத்தாத சக்கரத்தை எப்படி எண்ணறது?" தூரத்தில் வாட்ச்மேன் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தான். ஐடா என்னோடு பேசக்கூடாது என்பதையே மறந்து, "உங்க நைனாவுக்கு இன்னாடி ஆச்சு?" என்றாள்.

எல்லாரும் ஒருவழியாக மேட்டின் உச்சிக்குப் போய்விட்டோம். அங்கிருந்து பார்த்தால் தங்கவயல் மொத்தமும் தெரியும். வரிசையாக ஷாப்டுகளின் இரும்புக் கோபுரங்கள், அவற்றின் தலையில் சுற்றும் சக்கரங்கள், ரயில் பாதை, பஸ் போகிற சாலை. வாட்ச்மேனுக்கு சார் மூச்சு வாங்கிக்கொண்டே சர்க்கார் வேலை என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பா மட்டும் அசையாமல் நின்றார். பிறகு கையை நீட்டி, "அதோ கீது பாருங்க சார், நந்திதுர்க்" என்றார்.

"அது ஊரிகம், நைனா" என்றேன். "நந்திதுர்க் அந்தப் பக்கம் கீது."

அப்பா நான் காட்டிய பக்கம் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் தன் கை காட்டிய பக்கம் பார்த்தார். மெதுவாகக் கையைக் கீழே இறக்கினார். பூமிக்கடியில் விளக்கு அணைந்தாலும் சுவரைத் தடவிக்கொண்டே முப்பது பேரை வெளியே கொண்டுவருகிற மனிதர், பட்டப் பகலில், பொண்ணும் ஆபீசரும் வாட்ச்மேனும் பார்க்க, தான் பதினாறு வருஷம் வாழ்ந்த ஊரில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நின்றார். இருட்டில் இறங்கி, சாயங்காலம் ஏறி, சாப்பிட்டுப் படுத்தவருக்கு ஊரைப் பார்க்க எப்போது நேரம் இருந்தது? என் கோபமெல்லாம் அந்த நிமிஷமே வடிந்துவிட்டது. இவரை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது நான்தானே.

அப்பா ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"சார், எனுக்கு மேல வழி தெரியாது. கீழ கேளுங்க, கண்ணக் கட்டிகினு போவேன். மேல எனுக்கு வீடும் ஷாப்டும்தான் தெரியும். இந்தப் பொண்ணு பரீட்சை எழுத ஹைஸ்கூலுக்குப் புள்ளைங்களோட ரோட்டு வழியாதான் போயி வந்துது. அவ முன்னால போவட்டும், நான் பின்னால வர்றேன். அவ காட்ற வழிக்கு நான் கையெழுத்துப் போடறேன்."

ராஜப்பா சார் தன் கிழிந்த வேட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெற்றோர்தான் காட்ட வேண்டும் என்கிற ரூல்ஸ் அவர் வாய்வரை வந்தது தெரிந்தது. விழுங்கிவிட்டார். "சரி, நடம்மா. ஆனா முதல்லேர்ந்து, வீட்டு வாசல்லேர்ந்து ஆரம்பிக்கணும்" என்று மட்டும் முனகினார்.

திரும்ப வீட்டுக்கு வந்து, நான் முன்னால் நடந்தேன். பஜாரைத் தாண்டி, ரயில்வே கேட்டைத் தாண்டி, மேடுகளைச் சுற்றிக்கொண்டு, பஸ் போகிற சாலையிலேயே. ஐடா இப்போது என் பக்கத்தில் வந்தாள். சார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சிவப்புத் துணியை எண்ணினார். அப்பா கடைசியில், தன் காலடியைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஊரிகத்தைத் தாண்டியதும் ஒரு எருமை மாடு சிவப்புத் துணியைப் பார்த்துத் தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்தது. சார் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். எருமையை நாங்கள் விரட்டிவிட்டு வந்தபோது, "ஆயிரத்து எழுநூறா, எண்ணூறா? போச்சு, எல்லாம் போச்சு!" என்று தலையில் கை வைத்து நின்றார்.

"நீங்க வாங்க சார், நான் எண்ணிகினுதான் வர்றேன்" என்றார் அப்பா.

ஹைஸ்கூல் வாசலில் போய் நின்றதும் அப்பா சொன்னார்: "பதினேழாயிரத்தி எறநூறு அடி."

சார் பென்சிலை எடுத்து வகுத்துப் பார்த்தார். மூன்று மைல், இரண்டு பர்லாங், மிச்சம் நாற்பது அடி. ஏனோக் மாமா சைக்கிளில் போய் வந்து சொன்ன அதே தூரம். நாற்பது அடி மட்டும் மாமா விட்டுவிட்டார்.

அங்கேயே, பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டுச் சுவரில் காகிதத்தை வைத்து ராஜப்பா சார் எழுதினார். எழுதியதை எங்களுக்குத் தமிழில் படித்துக் காட்டினார். "பெற்றோர் முன்பு கூறிய தூரமும் சரியே. அது பூமிக்கு அடியில் உள்ளது. மாணவி அவ்வழியே பள்ளிக்குச் செல்ல இயலாது. மேல் வழி காட்டியவர் மாணவி சம்பங்கி. அளந்தவர் தாமோதரன்." அப்பா அதை இரண்டாம் தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு பூட்ஸ் காலை அகட்டி நின்று, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மா தகரப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அன்றைக்கு எங்கள் வீட்டிலேயே கருவாடு வறுத்தாள்.

பள்ளிக்கூடம் திறந்த அன்று அப்பாவுக்கு மத்தியான ஷிப்டு. "நானும் ஒரு தபா வந்து பாக்கறேன்" என்று சட்டை போட்டுக்கொண்டு எங்களோடு பஸ் ஏறிவிட்டார். நானும் ஐடாவும் பாஸைக் காட்டினோம். அப்பா டிக்கெட் வாங்கிக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். வழி நெடுக, இது இன்னா, அது இன்னா என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மேடு வந்தபோது, "இதுலயா சைக்கிள ஏத்தினோம்?" என்று அவரே சிரித்தார்.

ஹைஸ்கூல் வாசலில் இறங்கினோம். ஐடா உள்ளே ஓடினாள். அப்பா தயங்கி நின்றார்.

"சம்பங்கி, திரும்பிப் போறதுக்கு எந்தப் பக்கம் நிக்கணும்?"

கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். பஸ் வர நேரமாயிற்று. உள்ளே மணி அடித்தது. "நீ போ, நீ போ" என்று அவர் சொல்லச் சொல்ல நான் போகவில்லை. பஸ் வந்ததும் ஏற்றிவிட்டு, "சாம்பியன் ஷாப்டுகிட்ட எறக்கி வுடுங்க" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு ஓடினேன்.

முதல் நாளே தாமதம். இந்த முதல் நாளுக்காக எவ்வளவு அழுதிருப்பேன்! டீச்சர் என்னை வாசலிலேயே நிறுத்தி, ஏன் லேட் என்று கேட்டார்.

"எங்க நைனாவ பஸ் ஏத்தி வுட்டுட்டு வந்தேன் டீச்சர். அவருக்கு மேல வழி தெரியாது."

வகுப்பு மொத்தமும் சிரித்தது. எனக்குக் கோபமே வரவில்லை.